மூடச் சொன்ன தண்ணீர்

ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "சார், உங்க சர்வீஸ்ல அதிகபட்சம் எத்தனை அடி போட்டிருக்கீங்க?" என்பதுதான். இதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. துளை போடுவது வண்டி. நாம் பக்கத்தில் தூசி தின்றுகொண்டு நிற்கிறோம், அவ்வளவுதான். பாறை, பிட், கம்ப்ரஸர் எல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. காரணம் சொல்லாமல் மேலிருந்து வருகிற உத்தரவு. சர்வீஸ் முழுக்க அதோடு மாரடித்தும் எனக்கு அது பழகவில்லை. அப்படி வந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்துப்போன காலத்தில், குடிதண்ணீர்த் துளை போடுகிற எங்கள் யூனிட்டைச் சங்கரன்கோவிலில் நிறுத்தியிருந்தார்கள். நான் அப்போது ஜூனியர் இன்ஜினியர். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரைக்காரன். படித்துறையில் இறங்கினால் தண்ணீர் என்று வளர்ந்தவன், ஒரு குடம் தண்ணீருக்காகப் பெண்கள் அடித்துக்கொள்வதை அந்த வருஷம்தான் பார்த்தேன். தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தங்கல். காலையில் மேலநீலிதநல்லூர் பக்கத்து மானாவாரி ஊர் ஏதாவது ஒன்றுக்குப் போவோம், சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு திரும்புவோம். பாதித் துளைகளில் தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். ஆடும் கொஞ்சம் பருத்தியும் இருந்த சின்ன ஊர். ஊருக்கு ஒரே கிணறு, அதில் அடியில் சேறு. அந்தச் சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கழிச்சல். பேச்சியம்மாள் என்று ஒருத்தி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தன்னுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையைச் சங்கரன்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப் ஏற்றி அப்போதுதான் திருப்பிக் கூட்டி வந்திருந்தாள். நல்ல தண்ணீராகக் காய்ச்சிக் கொடு, இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "காய்ச்சுததுக்கு மொதல்ல தண்ணி வேணும்லா சார்?" என்று அவள் டாக்டரையே கேட்டுவிட்டு வந்தவள். எங்கள் வண்டி ஊருக்குள் நுழைந்ததிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். போய் நிழலில் உட்கார் என்றால், "தண்ணி வாரத நான் பாக்கணும்" என்பாள்.

ராடு இறங்க இறங்க மேலே வருகிற தூளைச் சட்டியில் பிடித்து வரிசையாகக் குவித்து வைப்போம். கீழே என்ன பாறை என்று தெரிந்துகொள்வதற்கு. அன்றைக்கு முதல் குவியல்கள் எல்லாம் வழக்கமான செம்மண்ணும் சாம்பல் கல்லும்தான். பிறகு நிறம் மாறியது. கரும்பச்சை. வெயிலில் மினுமினுத்தது, விரலில் தேய்த்தால் எண்ணெய் மாதிரி வழுக்கியது. எங்கள் டிரில்லர் அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், பாறையைக் கெட்ட வார்த்தையால் திட்டியே துளை போடுகிறவர். அவரே திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். "இந்தச் சாதிக் கல்ல நான் பாத்ததே இல்ல சார்" என்றார். நானும் பார்த்ததில்லை. அடுத்த ராடில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சங்கரன்கோவில் கோவிலில் பிரசாதமே புற்றுமண்தான். அந்தப் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. நெற்றியில் பூசுவார்கள், மாட்டுக்குப் பூசுவார்கள், வயிற்றுக்கோளாறு என்றால் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். தண்ணீரைக் காட்டிக்கொடுத்த மண்ணும் அவர்களுக்கு அப்படியாகிவிட்டது. பெண்கள் அந்தக் கரும்பச்சைக் குவியல்கள் மேல் விழுந்து, முந்தானையிலும் தாளிலும் அள்ளிக்கொண்டார்கள். நான் "சாம்பிள், சாம்பிள்!" என்று கத்தினேன். ஒரு அம்மா என் நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தண்ணீரும் ருசியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் வயிறு முட்டக் குடித்தோம். கம்ப்ரஸரை நிறுத்தியதும் தண்ணீர் துளைக்குள் இறங்கிவிட்டது, இனி கைப்பம்பு மாட்டினால்தான் மேலே வரும்.

மறுநாள் காலையில் ஒரு ஜீப் வந்தது. தொப்பி போட்ட ஒருவர், மண் ஆராய்ச்சி ஆபீசர் என்று சொல்லிக்கொண்டார், எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. ஆங்கிலம்தான் பேசினார், அதிலும் வடக்கத்தி வாசனை. கூடவே தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவர். மூன்றாவதாக வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர், வாயே திறக்கவில்லை. எங்கள் ஆபீசுக்கே நான் இன்னும் ரிப்போர்ட் அனுப்பவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இதை இன்றைக்கும் யோசிக்கிறேன். தொப்பிக்காரர் வரிசையைப் பார்த்தார், முதல் குவியல்களைத் துணிப் பைகளில் அள்ளினார், கடைசிக் குவியல்கள் எங்கே என்றார். "சாமி மாடத்தில் இருக்கின்றன" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

தாலுகா ஆள் வீடு வீடாகப் போய்க் கேட்டார். சாமிக்கு வைத்ததைத் தரமாட்டோம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும், "எங்க வீட்ல இல்ல சார். பிள்ளைக்குக் கரைச்சுக் குடுத்துட்டேன்" என்றாள்.

அதைத் தாலுகா ஆள் ஆங்கிலத்தில் சொன்னதும் தொப்பிக்காரரும் கண்ணாடிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  தொப்பிக்காரர் என்னிடம் திரும்பி, குழந்தைக்கு இனி அதைக் கொடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லுங்கள், போதும் என்றார். தண்ணீர் கெட்டதா என்று கேட்டேன். தான் மண்ணுக்கு மட்டும்தான் வந்ததாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மண் தின்கிற பிள்ளையைப் பார்த்தால் யாரும் வேண்டாமென்றுதான் சொல்வார்கள், இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பார்வை? அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அன்றைக்கே கம்ப்ரஸரை ஓட்டி ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்து, திருநெல்வேலி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த அம்மாள் எனக்குத் தெரிந்தவர்.

பதில் வருவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. எங்கள் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர், ஈ.ஈ. என்போம், பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு போனில் சொல்லியிருக்கிறார், அங்கேயிருந்து ஒரு கிளார்க் சைக்கிளில் வந்து வாய்வார்த்தையாகச் சொன்னார். கைப்பம்பு மாட்ட வேண்டாம். குழாய் வாயில் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடிவிட்டு வண்டியை அடுத்த ஊருக்கு நகர்த்தவும். காரணம்? அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "அத என்கிட்ட கேக்கீங்களே சார்" என்றார்.

சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனால் எனக்கு முன்னால் விஷயம் அங்கே போயிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று டெல்லியில் பேசி முடித்துவிட்டதாம். மந்திரிக்கும் பங்காம். மெட்ராஸில் ஒரு பாங்க் இதற்கென்றே முன்பணம் ஒதுக்கிவிட்டதாம். கடையநல்லூர்க்காரர் ஒருவர், குவைத்திலிருந்து லீவில் வந்தவர், டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "அங்கனயும் இப்படித்தான் அண்ணாச்சி. எண்ணெய் கண்டாச்சுன்னா மொதல்ல மூடிருவான். மூடுனா இருக்குன்னு அர்த்தம், அல்லா மேல ஆணையா." எண்ணெயா, தங்கமா, அணுகுண்டுக்கு ஆகிற கல்லா என்பதில்தான் கட்சிகள் பிரிந்தன. கூட்டுக் களவாணித்தனம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இதையெல்லாம் வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் என்னோடு மெஸ்ஸில் சாப்பிடுகிற பாங்க் கிளார்க் ஒருவர், ரசத்துக்குக் காத்திருக்கும்போது தானாகவே சொன்னார். அந்த ஊர் உட்பட மூன்று ஊர்களில் கிணற்றுக் கடன் கொடுக்க வேண்டாமென்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறதாம். ஏன் என்று மேனேஜருக்கே தெரியாதாம். ஜீப் உண்மை. உத்தரவு உண்மை. கடனை நிறுத்தியது உண்மை. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் பெரிய சதி தெரிகிறது. முடிச்சை அவிழ்த்தால் மூன்று ஆபீஸ்கள் மூன்று காரணத்துக்காகச் செய்த மூன்று வேலைகள். அன்றிரவு எத்தனை முறை போட்டு எத்தனை முறை அவிழ்த்தேன் என்று கேட்காதீர்கள். தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுநாள் ஊரே ஆத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், வண்டியை மறிப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். போனால் கதை தலைகீழ். ஆண்கள் எல்லோரும் மாலை போடாத குறையாக என்னை வரவேற்றார்கள். சீக்கிரம் மூடுங்கள் என்கிறார்கள்! முன்னால் நின்றவன் முருகையா, பேச்சியம்மாளுடைய புருஷன். துளை போட்டது ஊர்ப் பொது இடம், அதை ஒட்டிய தரிசு அவனுடையது.

"சார், அடியில சரக்கு கெடக்குன்னு மேல உள்ளவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கம்பெனி வருதான். நீங்க பம்ப மாட்டிட்டீங்கன்னா இது வெறும் தண்ணிக் கொழாய்தான்னு எழுதிட்டுப் போயிருவான். எங்க பொழப்பக் கெடுத்துராதீங்க" என்றான்.

"ஏய்யா, களவாணிப் பயலுக கூட்டுன்னு நேத்து டீக்கடையில பேசுனாங்களே?" என்றேன்.

"ஆமா சார், கூட்டுதான். அந்தக் கூட்டுல எங்களையும் சேத்துக்கிடட்டும்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பேச்சியம்மாள் கோபப்பட்டாள். "கம்பெனி வரும்போது வரட்டும். பிள்ளைக்கு இன்னைக்கு நாக்கு வறளுது. கம்பெனிக்காரனா வந்து காய்ச்சிக் குடுப்பான்?"

"ஏட்டி, கம்பெனி வந்தா பிள்ளைய மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போலாம்ட்டி. உனக்கு வெவரம் பத்தாது."

"அதுவரைக்கும் பிள்ள இருக்கணும்லா?" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். அடியில என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா."

"ஏன் மூடச் சொல்லுதாங்க?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாமலா மூடப் போறீங்க?"

தம்பிகளா, என்னை எத்தனையோ மேலதிகாரிகள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. வெல்டிங் செட்டை இறக்கட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். இருங்கள் என்று சொல்லிவிட்டு, மேலநீலிதநல்லூர் தபாலாபீசுக்கு நடந்தே போனேன். போகிற வழியெல்லாம் ஒரே விஷயம்தான் மனசில் ஓடியது. கம்பெனி யார், பாங்க் யார், எந்த மந்திரி, இதெல்லாம் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தண்ணீர் விஷமா, இல்லையா? விஷமென்றால் ஊரே காலில் விழுந்தாலும் மூடத்தான் வேண்டும்.

முதலில் பரிசோதனைக் கூடத்துக்கு டிரங்க் கால் போட்டேன். அந்த அம்மாள், "உப்பு, சுண்ணாம்பு, கிருமி எல்லாம் பாத்தாச்சு. தாராளமா குடிக்கலாம்" என்றார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். "ஆனா எங்களுக்குப் பாக்கத் தெரிஞ்சதைத்தானே நாங்க பாக்கிறோம்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டார்.

அடுத்தது எங்கள் ஈ.ஈ.க்கு. மனிதர் முசுடு. அவர் முன்னால் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்காமல் நான் நின்றதில்லை. "சார், ஒரே ஒரு கேள்வி. ஏன் மூடணும்னு கேக்கல. தண்ணியில கெடுதல் இருக்குன்னு மேலேயிருந்து யாராவது சொன்னாங்களா?"

 "நான் முதல்ல அதைத்தான்யா கேட்டேன்" என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. "தண்ணியில ஒண்ணும் இல்ல, அதுக்காக இல்லன்னு திட்டமா சொன்னாங்க. வேற எதுக்குன்னா, அது உங்களுக்குத் தேவையில்லன்னுட்டாங்க. எனக்கும் தெரியாதுப்பா."

அவ்வளவு நாளும் அவர் எல்லாம் தெரிந்துகொண்டு என்னிடம் மறைக்கிறார் என்றுதான் அவர் மேல் எரிச்சலாக இருந்தேன். எனக்கு மேலே இருட்டு என்றால், அவருக்கு மேலேயும் இருட்டுதான். "அப்ப நான் பம்ப மாட்டிடுறேன் சார். ஊர்ல பிள்ளைங்க சீக்கா கிடக்கு. எழுத்துல நானே பொறுப்பு எடுத்துக்கிறேன்" என்றேன்.  மூன்று நிமிஷம் முடிந்தது, நீட்டிக்கவா என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, அதற்கு முன்பே லைன் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியாது. பிற்பாடு எத்தனையோ முறை சந்தித்தோம். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது முருகையா துளையின் குழாய் வாய்மேல் ஒரு கல்லை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பம்பைக் கொண்டுவந்தால் நகரமாட்டேன் என்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள். போலீசைக் கூப்பிடலாம் என்றார் அண்ணாச்சி. உத்தரவை மீறி நானே பம்பு மாட்டப் போகிறேன், இதில் எந்த முகத்தோடு போலீசைக் கூப்பிடுவது? கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். 

பேச்சியம்மாள்தான் வந்தாள். சண்டை போடவில்லை. குழந்தையை அவன் மடியில் போட்டாள். "நீ வச்சுக்கோ. நான் பழைய கெணத்துக்குப் போறேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். குழந்தை வாடிய கீரைத்தண்டு மாதிரி அவன் தொடையில் கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். கல்லை அவனே காலால் தள்ளினான்.

"மாட்டுங்க சார்" என்றான். கண் கலங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்லுதேன். எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

பம்பு மாட்டினோம். உத்தரவை நிறைவேற்றவில்லை, தண்ணீர் நல்லது, ஊரில் நோய், எனவே பம்பு பொருத்தியிருக்கிறேன், அகற்ற வேண்டுமானால் காரணத்துடன் ஆள் அனுப்பவும் என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். கடைசி வரியை இரண்டு தடவை அடித்து மறுபடி எழுதினேன். சஸ்பெண்ட் உறுதி என்று என் வீட்டுக்கு எழுதக்கூடச் செய்துவிட்டேன். குழந்தை தேறியது. ஊரில் மற்றப் பிள்ளைகளும் தேறினார்கள். எனக்கு மெமோ வரவில்லை. விசாரணை வரவில்லை. ஜீப் வரவில்லை. கம்பெனியும் வரவில்லை. சில மாதம் கழித்து, பாங்கில் அந்த மூன்று ஊருக்கும் கடன் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம், அதற்கும் காரணம் சொல்லவில்லையாம். என்னை மட்டும் ஒரு பிரமோஷனோடு கோயம்புத்தூர் பக்கம் மாற்றினார்கள். முறைப்படி என் சீனியாரிட்டிக்கு வரவேண்டியதுதான். இருந்தும், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ என்று எனக்கே ஒரு நிமிஷம் என்மேல் சந்தேகம் வந்தது.

நிஜமாகவே கீழே எதுவும் இருந்ததா? யாரோ யாரோடோ பேசி முடித்து, பிறகு பேரம் படியாமல் போனதா? இருக்கலாம். இந்த நாட்டில் அப்படி நடக்காது என்று சொல்லுகிற அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு உத்தரவு வரும். முழு ரகசியமும் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. உங்கள் வேலைக்குத் தேவையான ஒரே ஒரு கேள்வியைத் தேடிப் பிடியுங்கள். அதற்குப் பதில் வாங்காமல் மட்டும் போனை வைக்காதீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர்க்காரர். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. உங்க ஊரில் ஏதோ கண்டுபிடித்தார்களாமே என்று சும்மா வாயைக் கிண்டினேன்.

அவர் நெருங்கி உட்கார்ந்தார். "அத ஏன் கேக்கீங்க! பெரிய கம்பெனி, பாங்கு, மந்திரி எல்லாம் சேந்து பேசி முடிச்சது. ஒரு எஞ்சினீயர் கெடுத்துட்டாம்லா. போட்டிக் கம்பெனிக்காரன்ட்ட கைநீட்டி வாங்கிட்டு, ராவோட ராவா பம்ப மாட்டிட்டுப் போயிட்டான். கோயம்புத்தூர்ல அவனுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்திருக்காங்க. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணால பாத்துட்டு வந்தான்."

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தேன். மூளை சூடேறியது. யாரைப் பார்த்து என்ன பேசுகிறீர் என்று எழுந்து சட்டையைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அந்தப் பம்புல தண்ணி வருதா?"

அவருக்கு எரிச்சல். முக்கியமான கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவன் என்ன கேட்கிறான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"தண்ணிக்கென்ன, அது பாட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. பக்கத்து ஊர்க்காரனும் அங்கனதான் பிடிக்கான். நான் சொல்லுதத கேளுங்க வே, அந்த எஞ்சினீயர் இருக்காம்லா..."

என் பஸ் வந்தது. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று அதை விட்டுவிட்டு, இன்னொரு டீ சொன்னேன்.